வைகை ஏன் கண்மாயில் முடிகிறது?

வைகையின் நீளம் 258 கி.மீ. என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். அடுத்த வரியிலேயே வங்கக்கடலில் கலக்கிறது என்று எழுதி முடித்துவிடுவார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் அப்படி நடப்பதில்லை. வைகை போய் நிற்கிற இடம் ராமநாதபுரம் பெரிய கண்மாய், அதாவது கரை போட்டுத் தண்ணீர் தேக்கும் ஏரி. அது நிறைந்து வழிகிற ஆண்டில்தான் மிச்சத் தண்ணீர் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் பாக் நீரிணையில் விழும்.

சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலில் போய்க் கலக்க மாட்டேன் என்று வைகை ஒதுங்கிக்கொண்டதாகப் பழைய கற்பனை ஒன்று உண்டு. இந்த ஆறு கடலைத் தொடுவது அபூர்வம் என்பது அந்தக் காலத்து ஆட்களுக்கே தெரிந்திருக்கிறது. கடலுக்குப் போகாததை வைகையின் குறையாகச் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். மலையும் மணலும் சரிவும் சேர்ந்து இந்த ஆற்றை இப்படித்தான் வைத்திருக்கின்றன. அந்த இயல்பைப் புரிந்துகொண்ட மனிதர்கள் அதற்கேற்பக் கண்மாய்களை வெட்டினார்கள்.

மலையிலிருந்து தொடங்குவோம். வைகைக்கு இரண்டு தலை. ஒன்று மூல வைகை. வருசநாட்டு மலைக்காட்டில் பிறந்து, வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு வழியாக வடக்கு நோக்கி வரும். கிழக்கே ஓட வேண்டிய ஆறு முதலில் வடக்கே ஏறுவது வரைபடத்தில் பார்ப்பவர்களுக்கு விசித்திரமாகத் தெரியும். கிழக்கே ஆண்டிப்பட்டி மலைத்தொடர் மறிப்பதால் அது முடியும் வரை சுற்றிக்கொண்டு வந்துதான் திரும்ப முடிகிறது. இந்தப் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழை மலைமுகட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிடும். மூல வைகைக்குப் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான் கதி.

இன்னொரு தலை முல்லையாறு, சுருளியாறு என்று பல பெயரில் கம்பம் பள்ளத்தாக்கில் வருவது. 1895 வரை இதுவும் சாதாரண மலையாறுதான். அந்த ஆண்டு பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை பயன்பாட்டுக்கு வந்தது. மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீரைத் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே இறக்கினார்கள். இன்று அது லோயர் கேம்ப் மின்நிலையத்தில் மின்சாரம் எடுத்துக் கொடுத்துவிட்டு, கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று இறங்கி வருகிறது. வழியில் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் நெல் வயலுக்குப் பாய்ச்சுகிறது. போடி மலையிலிருந்து வரும் கொட்டகுடி ஆறும் தேனியை ஒட்டி இதோடு சேர்ந்துகொள்ளும்.

வைகையில் ஜூலை, ஆகஸ்டில் தண்ணீர் வந்தால் அது பெரும்பாலும் மேற்கு மலையின் தென்மேற்குப் பருவமழை, சுரங்கம் வழியாக வந்தது. நவம்பரில் செந்நிறமாகப் பெருக்கெடுத்து வந்தால் அதில் மூல வைகையின் பங்கு பெரிது. இரண்டு தலைகளும் தேனிக்குக் கிழக்கே ஒன்று சேர்ந்து, ஆண்டிப்பட்டிக்குப் பக்கத்தில் வைகை அணைக்குள் நுழைகின்றன.

அணை 1959-இல் திறக்கப்பட்டது. முழு நீர்மட்டம் 71 அடி. கொள்ளளவு 6 டி.எம்.சி.க்குச் சற்று மேல். மழைக்காலத்தில் செய்தியில் வரும் மூன்று எண்களைக் கரையோர மக்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 66 அடியில் முதல் கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாம் கட்டம், 69 அடியில் மூன்றாம் கட்டம். மூன்றாவது வந்துவிட்டால் உபரி நீர் எப்போது வேண்டுமானாலும் ஆற்றில் இறங்கலாம். காய்ந்த மணலில் மாடு கட்டியிருப்பவர்களும் வண்டி நிறுத்தியிருப்பவர்களும் அப்போதே வெளியேறிவிட வேண்டும்.

அணைத் தண்ணீர்க் கணக்கு தெரியாமல் வைகைச் செய்தியைப் படித்துப் பயனில்லை. விநாடிக்கு 1,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க விட்டால் 86.4 மில்லியன் கன அடி. ஆயிரம் மில்லியன் கன அடி சேர்ந்தால் ஒரு டி.எம்.சி. நிறைந்த அணையிலிருந்து, வரத்தே இல்லாமல், விநாடிக்கு 1,000 கன அடி விட்டால் ஏறக்குறைய 70 நாளில் அணை காலி. இந்த 86.4-ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இதை வைத்துத்தான் பேசப் போகிறேன்.

அணைக்குக் கீழே பழனி மலைப் பக்கமிருந்து வராக நதியும் மஞ்சளாறும் மருதாநதியும் வடகரையில் வந்து சேர்கின்றன. அணையில் சொட்டுத் தண்ணீர் விடாத நாளிலும் மதுரையில் திடீரென்று ஆறு ஓடுவதற்கு இவைதான் காரணம். நிலக்கோட்டைப் பக்கம் பேரணை. பெரியாறு பிரதானக் கால்வாய் இங்கிருந்து பிரிகிறது. கள்ளந்திரி வரை இருபோகம் 45,041 ஏக்கர், மேலூரும் திருமங்கலமும் சேர்ந்து ஒருபோகம் 1,05,002 ஏக்கர். பெரியாற்றுத் தண்ணீரின் பெரும்பகுதி இந்தக் கால்வாயில் போய்விடுகிறது. ஆற்றோடு தொடர்ந்து போவது வேறு கணக்கு. பழைய காலத்திலிருந்தே வைகையை நம்பியிருக்கும் நிலங்களுக்கான அதற்கு வைகைப் பூர்வீகப் பாசனம் என்று பெயர்.

மதுரையைத் தாண்டியதும் ஆற்றின் குணம் மாறிவிடும். மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 130 மீட்டர் உயரம். ராமநாதபுரம் 10 மீட்டருக்கும் கீழே. இடையில் ஆறு ஓடும் தூரம் 110 கி.மீ.க்கு மேல். அதாவது கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்தான் சரிவு. மதுரையை ஒட்டிய விரகனூருக்குக் கீழே பெரிய துணையாறு எதுவும் வந்து சேர்வதுமில்லை. திருப்புவனம், மானாமதுரை, பார்த்திபனூர், பரமக்குடி என்று போகப் போக ஆறு கொடுத்துக்கொண்டே போகிறது. வாங்கிக்கொள்ள வழியில்லை.

முதலில் வாங்கிக்கொள்வது மணல். காய்ந்த வைகையில் தண்ணீர் திறந்துவிட்ட நாளில் கீழே எங்காவது ஆற்றுக்குள் இறங்கி நின்று பாருங்கள். தண்ணீர் அலையாகப் பாய்ந்து வராது. சருகும் நுரையும் குப்பையும் தள்ளிக்கொண்டு ஒரு நாக்கு மாதிரி நீளும். முன்னால் இருக்கும் மணல் குமிழ் குமிழாகக் காற்றை விடும். வண்டும் எறும்பும் மேலே ஏறி ஓடும். ஒரு குழி வந்தால் நாக்கு அப்படியே நின்றுவிடும். குழி நிறைந்த பிறகுதான் அடுத்த அடி. அந்த நேரத்தில் தண்ணீர் நீளவாக்கில் ஓடுவதைவிட மணலுக்குள் கீழே இறங்குவதுதான் அதிகம்.

இதைக் கணக்காகவே போட்டுவிடலாம். ஆற்றின் அகலம் 250 மீட்டர் என்று வையுங்கள். காய்ந்த மணல் இரண்டு மீட்டர் ஆழம். அந்த மணலின் கன அளவில் கால் பங்கு தண்ணீர் பிடிக்கும் இடம். ஒரு கிலோமீட்டர் ஆற்றை நனைக்க 1,25,000 கன மீட்டர் தண்ணீர் வேண்டும். மில்லியன் கன அடியில் சொன்னால் 4.4. நூறு கிலோமீட்டருக்கு 440 மில்லியன் கன அடி. விநாடிக்கு 1,000 கன அடி வீதம் ஐந்து நாள் விட்டது மொத்தமும் மணல் குடித்து முடித்த கணக்கு இது. கரைக் கிணறுகளும் ஊர்க் குடிநீர்க் கிணறுகளும் ஊறுவது இதில்தான் என்பதால் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்மாய்க்காரருக்கு இது வராத தண்ணீர்.

அதனால்தான் கடைமடைக்காரர்கள் ‘விட்டால் மொத்தமாக விடு’ என்று கேட்கிறார்கள். அது பிடிவாதம் மாதிரித் தெரியும். பின்னால் இருக்கிற கணக்கு சரியானது. மணல் குடிப்பதோடு, ஆற்றின் மேல் பரந்து நிற்கும் தண்ணீரையும் சேர்த்துக் கணக்கிட்டால், அதே ஆற்றில் விநாடிக்கு 1,000 கன அடி விட்டால் நுனித் தண்ணீர் ஒரு நாளில் 13 கி.மீ. அளவுக்கே முன்னேறும். 3,000 கன அடி விட்டால் 29 கி.மீ. வரை போகும். நூறு கிலோமீட்டரைக் கடக்க முதலாவதுக்கு எட்டு நாள், இரண்டாவதுக்கு மூன்றரை நாள். நாள் கூடக் கூட ஆழத்துக்கு இறங்குவதும் வெயிலில் போவதும் வழியில் மோட்டார் வைத்து இழுப்பதும் கூடும். ஆகவே அளவு ஒன்றாக இருந்தாலும் குறைவாக நீண்ட நாள் விடுவது வால் பகுதிக்குச் சேராது. ஒரு மழைக்குப் பிறகு, மணல் ஏற்கெனவே நனைந்திருக்கும்போது திறந்தால் பலன் இரட்டிப்பாகும். நவம்பரில் திறக்கும் தண்ணீரும் மே மாதத்தில் திறக்கும் தண்ணீரும் ஒரே அளவாக இருந்தாலும் ஒன்றல்ல என்பதற்கு இதுதான் காரணம்.

மணல் அள்ளினால் குடிக்கிற மணல் குறைகிறதே, நல்லதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன ஆற்றில் 1,000 கன அடி தண்ணீர் முழு அகலத்துக்கும் பரந்து ஓடினால் அதன் ஆழம் எவ்வளவு தெரியுமா? சுமார் 26 சென்டிமீட்டர். ஓர் அடிகூட இல்லை. 3,000 கன அடி என்றால் ஒன்றே முக்கால் அடிக்குள். 5,000 கன அடி விட்டாலும் இரண்டேகால் அடி. கண்மாய்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வரத்துக்கால்களின் தலைமதகுகள் பழைய ஆற்றுமட்டத்தை வைத்துக் கட்டியவை. மணல் அள்ளி ஆறு மூன்றடி இறங்கிவிட்டால் 5,000 கன அடி வெள்ளம்கூட மதகின் அடிப்பலகையைத் தொடாமல் கீழே ஓடிவிடும். ஆற்றில் தண்ணீர் போகும். பக்கத்துக் கண்மாய் வறண்டு கிடக்கும். ஊர்க்காரர்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதைவிடக் கொடுமை ஒரு விவசாயிக்கு வேறில்லை.

முன்பு இந்த இடைவெளியைக் கொரம்பு போட்டுச் சமாளித்தார்கள். ஆற்றின் குறுக்கே சாய்வாக மணலைக் குவித்து, தழையும் முள்ளும் வைத்து, ஓட்டத்தைத் தலைமதகுப் பக்கம் தள்ளுவது. பெருவெள்ளம் வந்தால் அது தானாக உடைந்து வழி விடும், மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஓர் அடி, ஒன்றரை அடி வித்தியாசத்துக்கு அது போதும். மூன்றடிப் பள்ளத்துக்குப் போதாது.

நிலையான பெரிய கட்டுமானங்கள் இரண்டு. மதுரைக்குக் கீழே விரகனூர் மதகணை, அதற்கும் கீழே பார்த்திபனூர் மதகணை. ஆற்றைக் கதவு போட்டு நிறுத்தி மட்டத்தை உயர்த்தி, இரு பக்கக் கால்வாய்களிலும் தண்ணீரை ஏற்றுவதுதான் இவற்றின் வேலை. பூர்வீகப் பாசனத்தின் எல்லைக் கற்களும் இவைதான். விரகனூர் வரை முதல் பகுதி, மதுரை மாவட்டம், 27,529 ஏக்கர். விரகனூரிலிருந்து பார்த்திபனூர் வரை இரண்டாம் பகுதி, பெரும்பாலும் சிவகங்கை மாவட்டம், 40,743 ஏக்கர். பார்த்திபனூரிலிருந்து பெரிய கண்மாய் வரை மூன்றாம் பகுதி, ராமநாதபுரம், 67,837 ஏக்கர். பங்கு விகிதம் 2, 3, 7. பன்னிரண்டு பங்கில் ஏழு பங்கு கடைசியில் இருப்பவருக்கு. முதலில் திறப்பதும் கடைசிப் பகுதிக்குத்தான், அதன் பிறகே மேலே வருகிறார்கள். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். மேலே இருப்பவன் எப்படியும் எடுத்துக்கொள்வான் என்பதை அறிந்து, கீழே இருப்பவனுக்கு முதல் தண்ணீரைக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் ஏழு பங்கும் வயலுக்குப் போதுமா என்றால் போதாது. ஒரு மில்லியன் கன அடி என்பது ஏறக்குறைய 23 ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர். நெல்லுக்கு மொத்தம் நான்கடித் தண்ணீர் என்று வைத்தால் ஆறு ஏக்கருக்கும் குறைவுதான் விளையும். 67,837 ஏக்கரையும் ஆற்றுத் தண்ணீரை மட்டும் வைத்து விளைவிக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 12 டி.எம்.சி. வேண்டும். அது வைகை அணையைப் போல இரண்டு மடங்கு. ஆகவே வைகைத் தண்ணீர் இங்கே துணைத் தண்ணீர். முதல் தண்ணீர் வானத்திலிருந்து வருகிறது. இரண்டையும் பிடித்து வைக்கும் பாத்திரம் கண்மாய்.

கண்மாயின் அமைப்பும் அந்தச் சரிவிலிருந்துதான் பிறந்தது. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிகிற நிலத்தில், கிழக்கே ஐந்து கி.மீ. நீளத்துக்குப் பிறை வடிவில் கரை போடுங்கள். கரை ஓரத்தில் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால் மேற்கே மூன்று கி.மீ. தூரத்துக்கு அது பரவும். கொள்ளளவு சுமார் 795 மில்லியன் கன அடி. பள்ளம் தோண்டவே வேண்டியதில்லை, கரை ஒன்று போதும். மலைநாட்டில் இதே அளவைத் தேக்க வானுயர அணை வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்து ராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று சொல்வது அந்தக் கரையின் நீளத்துக்காகத்தான். மடை என்பது வயலுக்குத் தண்ணீர் விடக் கரையில் வைத்த திறப்பு.

இதன் பலவீனமும் அதே இடத்தில் இருக்கிறது. மூன்று கி.மீ.க்குப் பரவி நிற்கும் தண்ணீரின் சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். பரப்பு 15 சதுர கி.மீ. வெயிலில் ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியானால் மாதம் ஒன்றுக்கு 80 மில்லியன் கன அடி போய்விடும். பத்தில் ஒரு பங்கு. பிப்ரவரிக்கு மேல் கண்மாயில் தண்ணீரை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை, பயிருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் கலுங்கு. நிறைந்த கண்மாயின் மிச்சத்தை மறுகால் வழியே அடுத்த கண்மாய்க்கு அனுப்பும் கல் தளம் அது. கலுங்கின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். மழைக்காலக் கடைசியில் அந்தக் கற்களுக்கு இடையே பலகையும் மண்ணும் வைத்து அடைத்து, ஓர் அரை மீட்டர் கூடுதலாகத் தேக்குவார்கள். மழை உச்சத்தில் இருக்கும்போது அடைக்கக் கூடாது, கரை உடைந்துவிடும். அரை மீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன கண்மாயில் கலுங்கு மட்டம் மூன்று மீட்டரிலிருந்து இரண்டரைக்கு இறங்கினால் கொள்ளளவில் 30 சதவீதம் காணாமல் போகும். உயரம் குறையும்போது ஆழமும் பரப்பும் சேர்ந்து குறைவதால் இப்படி. கண்மாய் உள்வாயில், அதாவது தண்ணீர் பரவி நிற்கும் உட்பகுதியில், பயிர் வைத்தவர்கள் தங்கள் நிலம் மூழ்காமல் இருக்க ராத்திரியோடு ராத்திரியாகக் கலுங்கைத் தட்டிவிடுவது இதனால்தான் ஊர்ச் சண்டையாகிறது. கீழே கண்மாய்ப் பாசன நிலம் வைத்திருக்கும் ஆயக்கட்டுக்காரருக்கு அந்த அரை மீட்டர்தான் கடைசி இரண்டு முறை பாய்ச்சும் தண்ணீர்.

கண்மாயைப் பார்வையிடப் போகிறவர்கள் கரையிலிருந்து தொடங்காமல் வரத்துக்காலிலிருந்து தொடங்குங்கள். தலைமதகின் அடிப்பலகை ஆற்றுமட்டத்துக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு காலோடு நடந்து வாருங்கள். சீமைக் கருவேலம் அடைத்த இடம், ரோட்டுக்குக் கீழே போட்ட குழாய் காலின் அகலத்தைவிடச் சின்னதாக இருக்கும் இடம், யாரோ கரையைச் சீவி வயலோடு சேர்த்துக்கொண்ட இடம் எல்லாம் வரிசையாகக் கண்ணில் படும். கருவேலத்தை வேரோடு பிடுங்கினால்தான் உண்டு. வெட்டிவிட்டால் அடுத்த மழையில் இரண்டு மடங்காகத் தழைக்கும். அதன் பிறகு மடைகள். மடையை அடைத்திருக்கும் குமிழியைத் தூக்க, தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பில் இருக்கும் நீர்ப்பாய்ச்சி தண்ணீருக்குள் முங்க வேண்டும். வண்டல் ஏறி மடை வாய் மூடியிருந்தால் கண்மாயில் தண்ணீர் நின்றும் வயலுக்கு வராது. வண்டலை அள்ளி வயலில் போடுவது நிலத்துக்கும் நல்லது. மடையைவிட ஆழமாகத் தோண்டினால் மட்டும் அந்தத் தண்ணீர் பாசனத்துக்கு ஏறாது, ஆடு மாடு குடிக்கும் குட்டையாக நின்றுவிடும்.

இப்படிக் கண்மாய்க்குக் கண்மாய் மறுகால் பாய்ந்து, பார்த்திபனூர் கால்வாய்களும் சேதுபதி மன்னர் காலத்துக் கூத்தன் காலும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, பரமக்குடியைத் தாண்டி வைகை மெலிந்து பெரிய கண்மாய்க்குள் நுழைகிறது. மணல் ஏற்கெனவே நனைந்து, மேலே கண்மாய்கள் நிறைந்து, அணையும் 69 அடியைத் தொட்ட ஆண்டில் மட்டும் பெரிய கண்மாயின் மறுகால் ஓடும். சில கிலோமீட்டர் தூரத்தில் கடல். ஆற்றங்கரை முகத்துவாரத்தில் அலை குவித்த மணல் மேடு குறுக்கே கிடக்கும். வைகைத் தண்ணீர் அதன் பின்னால் தேங்கி, மட்டம் ஏறி, மேட்டை அறுத்துக்கொண்டு உப்புத் தண்ணீரில் இறங்கும். வெள்ளம் வடிந்ததும் அலைகள் அந்த வாயை மறுபடி மூடிவிடும்.